மாடிவீட்டு முட்டை நாற்றம்

எங்கள் மெக்கானிக் வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். கீசரிலிருந்து வரும் வெந்நீரில் முட்டை நாற்றம் அடிக்கிறது, என்ன செய்வது என்று. உடனே ஆளாளுக்குப் பதில். தெர்மோஸ்டாட்டை மாற்று, டேங்கை மாற்று, கஸ்டமரை மாற்று என்று கிண்டல் வேறு. ஒருத்தனாவது "எனக்குத் தெரியாது" என்று போடுவான் என்று பார்த்தேன். போடவில்லை. எரிச்சலாக இருந்தது. ஆயுசு முழுக்க கீசர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கே தெரியாது. என்ன செய்தால் நாற்றம் போகும் என்பது தெரியும். அது ஏன் வந்தது, போன பிறகு நடந்ததெல்லாம் ஏன் அப்படி நடந்தது என்பது இன்றைக்கும் குழப்பம்தான். அதை எழுதுகிறேன். நடை சரியில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நான் ஸ்பானர் பிடித்தவன்.

ஐ.டி.ஐ. படித்தேன். மேற்குத் தாம்பரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் சில வருடம் கிடந்தேன். பிறகு ஒரு கீசர் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது தண்ணீரைப் பற்றி. தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் போர் போட்டால் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். பக்கெட்டில் வெள்ளைக் கோடு விழும். ஷவரில் பாதி ஓட்டை அடைத்துக்கொள்ளும். கீசருக்குள் இதைவிட மோசம். தண்ணீரைச் சூடாக்கும் காயில் மேல் உப்பு சுண்ணாம்பு போல ஏறிக்கொண்டே போகும். விரல் தடிமனில் இருந்த காயில் மணிக்கட்டு தடிமன் ஆகிவிடும். பிறகு சூடு தண்ணீருக்குப் போகாது, உள்ளேயே நின்று காயில் வெடிக்கும். அடியில் கட்டி சேர்ந்தால் சோளம் பொரிகிற மாதிரி சத்தம் வரும். வருடத்துக்கு ஒரு முறை கழுவுங்கள் என்றால் கேட்க மாட்டார்கள். சூடு குறைந்ததும் போன் போட்டு, "உங்க மெஷின் மட்டம்" என்பார்கள். தண்ணீர் அவர்களுடையது, மட்டம் மட்டும் எங்களுடையது.

எனக்கு மேலே இருந்தவர் கோதண்டம் சார், சூப்பர்வைசர். பெரிய படிப்பு இல்லை, குரல் உயர்த்த மாட்டார், சிரிக்கவும் மாட்டார். நாங்கள் எந்த வீட்டிலிருந்து போன் செய்தாலும் அவருடைய முதல் கேள்வி, "ப்ளக்கப் புடுங்கிட்டியா?" ஸ்விட்சை அணைத்தேன் என்றால் போதாது. ப்ளக் வெளியே இருக்க வேண்டும். பிறகு டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். டெஸ்டர் எரியவில்லை என்றால் அதை நம்பக் கூடாது. கரண்ட் இருக்கிற வேறொரு பாயிண்டில் வைத்து, டெஸ்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, மறுபடி கீசரில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கை. அதுவும் முதலில் புறங்கை. "உள்ளங்கை வெச்சா ஷாக்குல மூடிக்கும், உட முடியாது. புறங்கைன்னா உதறிடும்" என்பார்.

இரண்டாவது கேள்வி, "இன்னா பாத்த?" நாம் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், "இது பாத்ததா, நெனச்சதா?" என்று வெட்டுவார். பார்த்ததை முதலில் சொல்ல வேண்டும். நினைத்ததைக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். எனக்கு இது பேஜாராக இருக்கும். உப்பு ஏறியிருக்கிறது என்று சொல்ல வந்தால், "உப்ப பாத்தியா?" என்பார். திறக்காமல் எப்படிப் பார்ப்பது?

கஸ்டமர் சொன்ன வார்த்தையையும் மாற்றக் கூடாது என்பார். ஒரு தடவை சிட்லபாக்கத்தில் ஒரு அம்மா போன் செய்து, "குளிக்கும்போது தண்ணி கடிக்குதுன்னு என் புள்ள சொல்றான்" என்றார். ஆபீஸில் இருந்த பெண், தண்ணீர் ரொம்ப சூடு என்று எங்களிடம் சொல்லிவிட்டது. நான் போய் சூட்டைக் குறைத்துவிட்டு வந்தேன். மறுநாளும் அதே அம்மா, அதே வார்த்தை. இந்த முறை போனை எடுத்தவர் கோதண்டம் சார். சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்துவிட்டார். "கடிக்குதுன்னா ஷாக்குடா" என்றார். போய்ப் பார்த்தால் அந்த வீட்டில் எர்த் கம்பியே இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கி வைத்திருந்தான், அந்த வழியாக டேங்கில் கரண்ட் ஏறியிருந்தது. அன்றைக்கு அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது முட்டை விஷயம்.

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெரு. கீழும் மேலுமாக ஒரு வீடு. மாடியில் வீட்டுக்காரர்கள், ரங்கநாதன் சாரும் அவர் மனைவியும். சார் ஏதோ அரசு ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாவை எல்லோரும் மாமி என்றுதான் கூப்பிடுவார்கள். கீழே வாடகைக்கு ஸ்டெல்லா டீச்சரும் பிளஸ் டூ படிக்கிற மகளும். கணவர் வளைகுடாவில். வீட்டில் அசைவம் சமைக்கக் கூடாது என்ற கண்டிஷனில் கொடுத்த வீடு. டீச்சர் சரியென்று வந்தவர்.

மாமி என்னை பாத்ரூமுக்கு அழைத்துப் போனார். "சூடு பத்தலை, அதைப் பாரு. இன்னொண்ணும் இருக்கு. அது உன் வேலை இல்லை. தினம் முட்டை நாத்தம் வரது. கீழ சமைக்கறா. குழாய் வழியா ஏறி இங்க வரது."

நான் ப்ளக்கைப் பிடுங்கி, செய்ய வேண்டியதெல்லாம் செய்துவிட்டு டேங்க் தண்ணீரை வெளியே விட்டேன். குப்பென்று அடித்தது. கண் எரிந்தது. மாமி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாத்தியா, இப்பவும் பண்ணிண்டிருக்கா" என்றார்.

"கீழ் வூடு பூட்டிக்கினு கீது மாமி. வரும்போது பாத்தேன்."

"காலம்பர சமைச்சது தங்கியிருக்கும்."

"இந்த தண்ணிதான் நாறுது மாமி."

"ஏம்ப்பா, கீழயும் இதே தண்ணிதானே? ஒரே போர், ஒரே தொட்டி. அவாத்துல கீசர் இல்லையா? அங்க நாத்தம் வரதுன்னு அவ சொல்லலையே? தண்ணியா இருந்தா ரெண்டு ஆத்துலயும் வரணும்."

அவர் சொன்னது சரியாக இருந்தது. இவர்கள் வீட்டுக் குழாயில் வந்த பச்சைத் தண்ணீரை முகர்ந்தேன். ஒரு நாற்றமும் இல்லை. காயிலில் ஏறியிருந்த உப்பைத் தட்டி எடுத்தேன், ஒரு முறம் இருந்தது. மாட்டிவிட்டுக் கீழே வந்தபோது டீச்சர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார், கையில் திருத்த வேண்டிய பேப்பர் கட்டு.

"அண்ணா, மேல கீசர்தானே பார்த்தீங்க? எங்க கீசரையும் ஒரு தடவை பாருங்களேன்."

சமையலறையை ஒட்டின பாத்ரூமில் சின்ன இன்ஸ்டன்ட் கீசர். நன்றாக ஓடியது. வெந்நீரைக் கையில் பிடித்து முகர்ந்தேன். நாற்றம் இல்லை.

"அடுத்த மாசம் காலி பண்ணச் சொல்லியிருக்காங்க" என்றார் டீச்சர். "பொண்ணுக்கு அப்பதான் பப்ளிக் எக்ஸாம். இந்த நேரத்துல வீடு தேடி, சாமான் ஏத்தி, எங்கன்னு போறது?"

எனக்குப் பாவமாக இருந்தது. "ஒரு ரெண்டு வாரம் முட்டை கிட்டை வேணாம் டீச்சர். மாமி அடங்கிடும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பேப்பர் கட்டை மேசையில் வைத்தார். "சரிங்கண்ணா" என்றார்.

கோதண்டம் சாருக்கு போன் செய்தேன்.

"பாத்தத சொல்லு."

"மாடி ஹீட்டர் தண்ணி நாறுது சார். மாடியில பச்ச தண்ணி நாறல. கீழ ஹீட்டர் தண்ணி நாறல."

பிறகு, "நெனச்சத சொல்லு" என்றார். அவர் அப்படிக் கேட்டது அபூர்வம்.

"ஒண்ணும் புரியல சார்."

"எனக்கும் புரியல. ஆசிட் போட்டு டேங்க நல்லா கழுவு. ஒரு நாள் ஃபுல் சூட்டுல ஓட வுட்டு, எல்லாத்தையும் எறக்கி வுடு."

அப்படியே செய்தேன். நாற்றம் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று கேட்கப் போனேன். மாமி வாசலிலேயே, "கண்டிச்சு சொன்னோமோன்னோ, நிறுத்திட்டா" என்றார். நான் கழுவியது கணக்கிலேயே இல்லை. அதற்கடுத்த வாரம் ரங்கநாதன் சார் போன் செய்தார். "மறுபடி ஆரம்பிச்சுட்டாளாம்ப்பா. மாமி கீழ போய் சத்தம் போட்டுட்டு வந்துட்டா. மாசக் கடைசி வரைக்கும் கூட பொறுக்க மாட்டாளாம்."

எனக்கு வந்த கோபத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே போனேன். மாமி கோவிலுக்குப் போயிருந்தார். சார் மட்டும் இருந்தார். ஒரு பக்கெட்டில் வெந்நீர் பிடித்தேன். மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் அவர் முன்னால் வைத்தேன். வெட்டவெளி, காற்று. பக்கெட் நாறியது.

"இங்க எந்தக் குழாய் வழியா சார் வந்துது?"

அவர் குனிந்து முகர்ந்தார். "ஆமாம்ப்பா, முட்டை நாத்தம்தான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க முட்டைய எப்பவாவது மோந்து பாத்துகீறீங்களா?"

"நான் எதுக்கு மோந்து பாக்கணும்?"

"அப்ப இது முட்டைன்னு எப்டி தெரியும்?"

"எல்லாரும் சொல்றதுதானே? இந்த மாதிரி நாத்தத்துக்கு முட்டை நாத்தம்னுதானே பேரு."

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அழுகின முட்டைக்குச் சொல்கிற வார்த்தை அது. நல்ல முட்டையை வேகவைத்தால் இந்த நாற்றம் எங்கே வரும்? முட்டை தின்கிற எவனுக்கும் இது தெரியும். ஆனால் அந்த வீட்டில் இரண்டு பேரும் வாழ்நாளில் ஒரு முட்டையைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு கீழ்வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

"என் கூட வாங்க சார்" என்றேன். எங்கே என்று கேட்காமல் வந்தது அவருடைய பெருந்தன்மை. கேம்ப் ரோட்டில் ஒரு தள்ளுவண்டிக் கடை, சாயங்காலத்தில் அவித்த முட்டை, ஆம்லெட் போடும் அக்கா எனக்குப் பழக்கம். சார் நெற்றியில் நாமத்தோடு வண்டி அருகே நின்றதும் அக்காவுக்குக் குஷி.

"இன்னா மெக்கானிக்கு, சாமிய இட்டாந்துகீற? சாமி, மொளகு தூக்கலா போடவா?"

"அக்கா, சும்மா இரு. ஒரு முட்டை உரிச்சு இந்தத் தட்டுல வை. சாப்பிட இல்ல, மோந்து பாக்க."

"மோந்து பாக்க தனியா ரேட்டு கீது" என்றது அக்கா, உரித்துக்கொண்டே.

சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தட்டின் மேல் குனிந்தார். ஏதோ கிணற்றை எட்டிப் பார்ப்பது போல. நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "இதுல வாசனையே பெருசா இல்லையே" என்றார். கல்லில் ஆம்லெட் ஊற்றியதும் அதையும் முகர்ந்தார். "இது என்னவோ வேற மாதிரி இருக்கு. அது இல்லை."

"அதேதான் சார் நான் சொல்றேன்."

சார் என்னோடு திரும்பி வந்தார். வீட்டு வாசலில் நின்று, "இங்க போனதை மாமிகிட்ட சொல்லிடாதே. தெரிஞ்சா, குளிச்சுட்டுத்தான் உள்ள வரணும்னு சொல்லுவா" என்றார். பிறகு அவரே, "எந்தத் தண்ணியில குளிக்கறது?" என்றார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் கோதண்டம் சாரே வந்தார். அவர் ஒரு வீட்டுக்கு நேரில் வந்தால் நாங்கள் ஓரமாக நின்றுவிடுவோம். ப்ளக், டெஸ்டர், வேறு பாயிண்ட், மறுபடி டெஸ்டர், புறங்கை. எதையும் விடவில்லை. டேங்கை இறக்கி, அடித்தட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகத் தளர்த்தி எடுத்தார். காயில், அதன் பக்கத்தில் ராடு. இந்த ராடு மெக்னீசியம். தண்ணீர் டேங்கை அரிக்காமல் முதலில் இதை அரிக்கட்டும் என்று கம்பெனியே வைப்பது. பாதி கரைந்து, மேலே சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கோதண்டம் சார் அதை மூக்கருகே கொண்டுபோனார். முகத்தைச் சுளிக்காமல் என்னிடம் நீட்டினார். நான் முகர்ந்துவிட்டு ரங்கநாதன் சாரிடம் நீட்டினேன். மாமி வாசற்படியில் நின்றிருந்தார். அவரிடம் யாரும் நீட்டவில்லை.

"இதான்" என்றார் கோதண்டம் சார். "கீழ் வூட்டு சின்ன ஹீட்டர்ல இது கெடயாது. தண்ணி தங்கறதும் கெடயாது."

"ஏன் நாறுது?" என்றார் ரங்கநாதன் சார்.

"தெரியாது சார். இந்தத் தண்ணியும் ராடும் சேந்தா ஏதோ ஆவுது. கிருமிங்கறான் ஒருத்தன். நான் பாக்கல. இதே ஹீட்டர், இதே ராடு, பக்கத்துத் தெருவுல நாலு வூட்ல கீது. அங்க நாறல. அதுவும் ஏன்னு தெரியாது." பிறகு ராடைக் கீழே வைத்தார். "இத்த வெச்சா டேங்க் நிக்கும், நாத்தமும் இருக்கும். எடுத்தா நாத்தம் போவும், கொஞ்ச நாள்ல டேங்கும் போவும். எடுக்கக் கூடாதுன்னு கம்பெனி ரூல். எடுத்தா வாரன்டி கெடயாது. நீங்க சொல்லணும்."

ரங்கநாதன் சார் மாமியைப் பார்த்தார். மாமி சுவரைப் பார்த்தார்.

"எடுத்துடுங்கோ" என்றார் சார். "டேங்க் போனா வேற வாங்கிக்கலாம்."

ராடு இருந்த துளையில் போல்ட்டும் வாஷரும் வைத்து அடைத்தோம். மறுநாள் நாற்றம் இல்லை. மறுவாரம் இல்லை. அதன் பிறகு வரவே இல்லை. மாமி என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. நன்றியும் சொல்லவில்லை, தப்பும் சொல்லவில்லை. சார் மட்டும் கீழே போய், "நீங்க இருங்கோ டீச்சர், காலி பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்ததாக எனக்கு போனில் சொன்னார். நான் வேலை முடிந்தது என்று இருந்தேன். ஒரு குடும்பத்தைத் தெருவுக்கு வராமல் காப்பாற்றிவிட்டேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

பரீட்சை முடிந்த கையோடு டீச்சர் என்னைக் கூப்பிட்டார். கீசரைக் கழற்ற வேண்டும், படப்பை பக்கம் வேறு வீடு பார்த்துவிட்டேன் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனேன். டெம்போவில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் மாமி என்னை நிறுத்தினார்.

"ஏம்ப்பா, அவ ஏன் போறா? நாங்கதான் இருக்கச் சொல்லிட்டோமே?"

"தெரியல மாமி."

"நீ கேளேன். வாடகை கூட ஏத்தலைன்னு சொல்லு."

மாமி அப்படிச் சொன்னபோது முகம் கோபமாகத்தான் இருந்தது. ஆனால் டெம்போவையே பார்த்துக்கொண்டிருந்தார். தானே கீழே இறங்கிக் கேட்டிருக்கலாம், பத்துப் படிதான். கேட்கவில்லை.

படப்பை வீட்டில் சுவரில் ஓட்டை போட்டு கீசரை மாட்டினேன். மகள் உள்ளே பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், நான் ஒடச்சு கேக்கறேன். நாத்தம் ஹீட்டர்லேர்ந்துன்னு ப்ரூஃப் பண்ணியாச்சு. வூடும் உங்களுக்கே. அப்புறம் இன்னாத்துக்கு இவ்ளோ தூரம்?"

"ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறணும், ஆமா" என்றார் டீச்சர்.

"அதான் கேக்கறேன். இங்க முட்டை சமைக்கலாம், அதுக்கா?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே இருந்த மகளும் சிரித்தாள்.

"எங்க வீட்ல முட்டையே வாங்கறதில்லண்ணா. இவளுக்குச் சின்னதுலேர்ந்தே ஒத்துக்காது. தொட்டாலே உடம்பெல்லாம் தடிச்சுடும். கிறிஸ்துமஸ் கேக் கூட முட்டை இல்லாமதான் போடுவேன். இங்கயும் அப்படித்தான்."

எனக்குக் கையில் ஸ்குரூ டிரைவர் அப்படியே நின்றது. "இத்த அங்க சொல்றதுக்கு இன்னா டீச்சர்? முதல் நாளே சொல்லியிருந்தா இவ்ளோ கூத்து எதுக்கு? நான் டேங்க கழுவி, அவரு தள்ளுவண்டிக்கு வந்து, ராடைக் கழட்டி."

"நிறுத்துன்னு சொன்னாங்க. காலி பண்ணுன்னு சொன்னாங்க. சமைச்சியான்னு யாராவது கேட்டாங்களா?" குரலில் கோபம் கூட இல்லை. வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி சொன்னார். "அவங்களை விடுங்க. கீசர் சொன்னதை நம்பினாங்க, இருக்கச் சொன்னாங்க. நாளைக்கு வேற ஏதாவது நாறும். நீங்க நல்லவருதான், ஆனா நீங்களும் கீழ வந்து தண்ணியத்தான் மோந்து பாத்தீங்க."

அப்போது அவர் மேல்தான் கோபம் வந்தது. வண்டியில் திரும்பி வரும்போது மாமி மேல் வந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது யார் மேல் என்று சொல்ல முடியவில்லை.

நான் கிளம்புவதற்கு முன், "சூடாச்சான்னு பாருங்கண்ணா" என்றார் டீச்சர். குழாயைத் திறந்து கையை நீட்டினேன். சூடாகத்தான் வந்தது. சூடாக வருகிறது என்று சொன்னேன். பழக்கத்தில் கையை மூக்கருகே கொண்டுபோகப் பார்த்தேன். அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.